செவ்வாய்க்கிழமை ரொட்டி

பேச்சி அக்கா, ஆஸ்பத்திரி வார்டில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. "ஏம்மா, நீ இம்புட்டு சுத்தம் பாக்க. ஒம் பிள்ளைக்கு எப்படி இது வந்துச்சு?" என்று கேட்டீர்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் என் அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமியாரை எதிரில் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? "என்னமோ அக்கா, வெயிலு" என்று முடித்துவிட்டேன்.

வெயில் இல்லை அக்கா. இப்போது சொல்கிறேன். இப்போது யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். என் பிள்ளை இவாவுக்குச் சாயங்காலத்திலிருந்து மறுபடியும் வயிற்றால் போகிறது. அவளுடைய அப்பாவும் வீட்டில் இல்லை. கோடை மழையில் சீவலப்பேரி ரோட்டில் கரண்டுக் கம்பி அறுந்து கிடக்கிறதாம், லைன்மேன் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் இருக்க முடியுமா? பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். ஒரு வரி எழுதுகிறேன், போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், வந்து இன்னொரு வரி எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது. நீங்கள் படித்துவிடுவீர்கள்.

என்னைச் சுத்தக்காரி என்று சொன்னீர்களே, அது சும்மா வந்ததில்லை. கான்வென்ட்டில் வளர்ந்தவள் நான். மனையியல் எடுத்த சிஸ்டர் பெர்க்மான்ஸ் எங்கள் விரல் நகத்தைப் பார்த்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார்கள். பாத்திரத்தை ஈரத்தோடு அடுக்கினால் அவர்களுக்குப் பிடிக்காது. "ஈரப் பாத்திரத்தை எடுத்து வைக்கிறவள் வேலையைப் பாதியில் விட்டவள்" என்பார்கள். வெள்ளைக் காடாத் துணி வாங்கி, ஓரம் மடித்து, இழை பிசகாமல் தைத்து, அதில்தான் துடைக்க வேண்டும். அந்தத் தையலுக்கு எனக்குப் பரிசு கிடைத்தது. மாதா படம் போட்ட ஒரு சின்னத் தட்டு. இன்னும் வைத்திருக்கிறேன்.

கல்யாணமாகி வந்தபோது ஒரு கட்டுத் துணி தைத்துக் கொண்டுவந்தேன். காலையில் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகினால் ராத்திரி சோப்புப் போட்டு அலசும்வரை அது என் இடுப்பில்தான் இருக்கும். தட்டு, டம்ளர், மேடை, அரிவாள்மணை, என் கை, எதிலும் ஒரு சொட்டு ஈரம் நிற்க விடமாட்டேன். இவாவின் அப்பா கேலி செய்வார்கள். "எங்க வீட்ல சமையலா நடக்கு? ஆபரேசன்லா நடக்கு. துணிய இடுப்புல சொருகிட்டு டாக்டரு நிக்கா பாரு" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

அத்தைக்கு அது எதுவும் கிடையாது. நல்ல மனுஷி. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஞானப்பூ என்றால் எங்கள் தெருவில் யாரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். ஆனால் பாத்திரம் கழுவினால் துடைக்கவே மாட்டார்கள். அப்படியே கொண்டுபோய் முற்றத்துக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவார்கள். காக்கா உட்காரும் சுவர்! நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் எடுத்துவந்து மறுபடி கழுவித் துடைப்பேன். இவாவின் கிண்ணத்தையும் ஸ்பூனையும் நான் தனியாக வெந்நீரில் கொதிக்க வைப்பேன். கொதிக்க வைத்து எடுத்து, சூடு தாங்காமல் துணியால் பிடித்து, நன்றாகத் துடைத்து வைப்பேன். அத்தை ஒருநாள், "அவிச்ச கிண்ணத்த எதுக்குட்டி தொடைக்க? அது தன்னால காயாதா?" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவர்களிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது?

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டில் யார் எப்படி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அத்தை செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் குருசடிக்கு, எங்கள் சின்னக் கோயிலுக்கு, போவார்கள். நவநாள் ஜெபம் முடிந்ததும் அங்கே மந்திரித்த ரொட்டி கொடுப்பார்கள். உள்ளங்கை அளவு பன், அவ்வளவுதான். அதை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் சுருக்குப்பையை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். வெற்றிலை, சில்லறை, பஸ் டிக்கெட், மூக்குப்பொடி எல்லாம் அதில்தான். வீட்டு வாசலில் கால் வைத்ததும், "எங்க என் ராசாத்தி? அந்தோணியாரு ஒனக்கு என்ன குடுத்து விட்டுருக்காவ பாரு" என்று பிய்த்து இவா வாயில் வைப்பார்கள். பஸ் கம்பியைப் பிடித்த கை. கழுவினால் என்ன? "புனித ரொட்டியில கிருமி இருக்காதுட்டி" என்பார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

முதல் தடவை இவாவுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ரொட்டி தின்ற அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. மருந்து கொடுத்தோம், சரியானது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு செவ்வாய்க்கிழமை லேசாக வந்துபோனது. அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. ஏன் செவ்வாய்க்கிழமை? வாரத்தில் வேறு நாளே இல்லையா?

அதற்கு அடுத்த நாள் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது. உங்களுக்குத் தெரியாது இல்லையா, மற்ற நாளில் ஞாயிறு தவறாமல் கோழி எடுக்கிற நாங்கள் அந்த நாற்பது நாளும் கறி, மீன் எடுக்கமாட்டோம். எல்லா வீட்டிலும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. ஆனால் அத்தை இருக்கும் வீட்டில் முட்டை கூட உள்ளே வராது. நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்த அத்தையிடம் நான் சொன்னேன்: "அத்தை, நீங்க கறிய விடுறீங்க. பிள்ளைக்காக இந்த ரொட்டியையும் விட்ருங்க. நீங்க கொண்டுவாங்க, நீங்க சாப்பிடுங்க. இவாவுக்குக் குடுக்காதீங்க."

அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. "நான் குடுத்தா வருதுன்னா சொல்லுத?"

"நீங்கன்னு சொல்லல அத்தை. ரொட்டின்னு சொல்றேன்."

"சரிட்டி. ஒம் பிள்ள" என்றார்கள். ஒம் பிள்ள. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அவள் 'நம்ம பிள்ள'யாகத்தான் இருந்தாள்.

அக்கா, தவக்காலம் முழுக்க இவாவுக்கு ஒரு தும்மல் கூட இல்லை! கன்னம் உப்பிவிட்டது. சுவரைப் பிடித்து நடந்தவள் சுவரை விட்டு நடந்தாள். வீட்டில் சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம். அவளுக்கு எப்போதும்போலப் பருப்புச் சோறு. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இவா அப்பாவிடம் சொன்னபோது, "சரி, சரி. எங்கம்மாகிட்ட இத திரும்பத் திரும்பச் சொல்லாத" என்றார்கள். நான் சொல்லவில்லை. ஒன்றிரண்டு தடவைதான்.

ஈஸ்டர் வந்தது. நாற்பது நாள் வாயைக் கட்டின வீடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். பூசை முடிந்து வந்ததும் இவா அப்பா முழுக் கோழி வாங்கிக்கொண்டு வந்தார்கள். கடையில் வெட்டித் தர வேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டையும் அந்தக் கத்தியும், பார்த்தாலே எனக்குக் குமட்டும். நானே வீட்டில் பலகையில் வைத்து வெட்டினேன். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, மஞ்சள் போட்டு, மறுபடி மறுபடி அலசினேன். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்குமில்லையா, ஒவ்வொரு துண்டாக இடுப்புத் துணியால் ஒற்றி எடுத்தேன். பலகையைத் துடைத்தேன். மேடையைத் துடைத்தேன். குழாயடியைத் துடைத்தேன். சமையல் முடிந்தபோது அங்கே கோழி வெட்டின அடையாளமே இல்லை. பளிச்சென்று இருந்தது. அத்தை கூட எட்டிப் பார்த்து, "கோயில் பீடம் மாதிரி வச்சிருக்காளே" என்றார்கள்.

இவாவுக்குக் கோழி கொடுக்கவில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனசில் ஓடும் என்று எனக்குத் தெரியும். ஒரு துணுக்குக் கூட அவள் வாயில் படவில்லை. அவளுக்குப் பருப்புச் சோறுதான். கொதிக்க வைத்த கிண்ணத்தில், நானே துடைத்து எடுத்துப் போட்டுப் பிசைந்தேன். அதனால் கோழியைச் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளை துவண்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் ரத்தம் கலந்து போனது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன், உங்கள் பிள்ளை முகிலன் பக்கத்துக் கட்டில்தான் காலியாக இருந்தது.

அங்கே அந்த டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கொதிக்க வைக்கிறீர்களா? வைக்கிறோம். பால்? காய்ச்சுகிறோம். வீட்டில் கோழி எடுத்தீர்களா? எடுத்தோம், பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. வெட்டிய பலகை? உடனே சுத்தம் செய்துவிடுவேன் டாக்டர். கை? உடனே கழுவித் துடைத்துவிடுவேன் டாக்டர். எதில் துடைப்பீர்கள்? சுத்தமான துணியில். அவர்கள் தலையை ஆட்டினார்கள். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார்கள், அதற்குள் கடைசிக் கட்டில் பிள்ளைக்கு வலிப்பு வந்து ஓடிவிட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள்: "பரிட்சைக்குப் பதில் சொல்லுத மாதிரில்லா சொல்லுத. நூத்துக்கு நூறு!" அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களால்தான் அந்த வார்டில் நான் சோறு தின்றேன் அக்கா.

உங்கள் டம்ளரையும் முகிலன் தட்டையும் நான் துடைத்துத் தந்தபோது, "இதென்ன துணி, வேட்டி மாதிரி வெள்ளையா?" என்று கேட்டீர்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு உங்களுக்கு ஒன்று தந்தேன். அதைப் பத்திரமாக மடித்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னீர்கள். மடித்து வைக்காதீர்கள். முகிலன் சாமானை அதிலேயே துடையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் அத்தையிடம் கேட்டேன். வார்டில் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை எனக்கு உண்டு.

"அத்தை, ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய் ரொட்டி குடுத்தீங்களா?"

"குடுக்கலட்டி."

"ஈஸ்டர் முடிஞ்சு, தவக்காலம் முடிஞ்சிருச்சேன்னு, காலையில நான் குளிக்கப் போனப்ப? வீட்ல பழசு இருந்திருக்குமே?"

"இல்லட்டி. நீ வேண்டாம்னே, நான் விட்டுட்டேன். நான் வாங்குனத கூட பக்கத்து வீட்டு ஆட்டுக்குத்தான் போட்டேன்."

"அந்தோணியார் மேல சத்தியம் பண்ணுங்க."

அத்தை என்னைப் பார்த்தார்கள். "சத்தியம் பண்ணமாட்டேன். ஆண்டவர் பேர வீணாச் சொல்லக்கூடாதுன்னு ஒனக்கு கான்வென்ட்ல சொல்லித் தரலியா?"

நீங்களே சொல்லுங்கள் அக்கா. செய்யாதவர்கள் சத்தியம் பண்ண ஏன் பயப்பட வேண்டும்? எனக்கு அது போதும். "அப்ப குடுத்திருக்கீங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இவா அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தை அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வள்ளியூருக்கு, மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் போகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போகச் சொல்லவில்லை.

வாசலில் நின்று, "பிள்ளைக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுப் போறேன்" என்றார்கள்.

"கை கழுவிட்டு வாங்க அத்தை" என்றேன்.

திரும்பி உள்ளே போய்க் கழுவிக்கொண்டு வந்தார்கள். கை சொட்டச் சொட்ட நின்றார்கள். நான் இடுப்பிலிருந்து துணியை எடுத்து நீட்டினேன். அவர்கள் அதை வாங்கி, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் பிள்ளையைத் தொட்டார்கள். நான் செய்தது தப்பென்று இவா அப்பா இன்றுவரைக்கும் சொல்கிறார்கள். கை கழுவச் சொன்னது தப்பா? எங்கே போய்ச் சொன்னாலும் அது தப்பாகுமா?

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. ரொட்டி இல்லை. சுருக்குப்பை இல்லை. காக்கா உட்காரும் சுவரில் பாத்திரம் இல்லை. இவா அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் இறங்கி வந்தேன். அவர்களுக்குப் பிடித்த மாதிரி மிளகுக் கோழி வறுத்தேன். பழையபடியே, நானே வெட்டி, நானே அலசி, ஒற்றியெடுத்து, துடைத்து. ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். "அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றார்கள்.

இன்றைக்கு என்ன கிழமை அக்கா? செவ்வாய்.

ரொட்டி இல்லை. அத்தை இல்லை. வெளியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. இவா இந்த வாசற்படியைத் தாண்டவில்லை. ஆனால் சாயங்காலம் அதே நாற்றம், அதே துவளல். நான் யாரைச் சொல்வேன்? பாலா? அதே பால்தான் தவக்காலத்திலும் வந்தது. தண்ணீரா? அதே குழாய்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் இல்லை இல்லை என்கிறது. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். நானும் பிள்ளையும். பயமாக இருக்கிறது அக்கா. ஏதாவது சாபமா? அத்தை வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனசு நொந்து போனார்களே?

அதனால்தான் வள்ளியூருக்குப் போன் போட்டேன். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போட்டேன். 'நான் இல்லாமலும் வந்திருக்குல்லா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் சொல்லவில்லை.

"ரத்தம் போகுதா?" என்று கேட்டார்கள்.

"இன்னும் இல்லை அத்தை."

"ஒண்ணுக்குப் போறாளா? கண்ணு உள்ள போயிருக்கா?"

"போறா. கண்ணு லேசா."

"ஆஸ்பத்திரியில குடுத்த அந்தப் பொட்டல உப்ப கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இரு. ரத்தம் கண்டாலும், வாங்கிக் குடிக்காம மொகத்தத் திருப்பினாலும், யாருக்காகவும் காத்திருக்காத. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. அழாதட்டி. நான் மொத பஸ்ஸுக்கு வாரேன்."

"வாங்க அத்தை."

 அப்புறம், "நான் பிள்ளையத் தொடல. தூரத்துல உக்காந்து பாத்துக்கிடுதேன்" என்றார்கள்.

அக்கா, அந்தக் குரலைக் கேட்டதிலிருந்து அவர்கள் வந்ததும் காலைப் பிடித்து அழ வேண்டும் என்று இருக்கிறது. அவர்கள் வருவதற்குள் வீட்டில் ஒரு தூசி இருக்கக்கூடாது என்று, மேடை முழுக்க மறுபடி ஒருதரம் துடைத்தேன். அலமாரியில் இருந்த எல்லா டம்ளரையும் இறக்கித் துடைத்தேன். பிரிஜ்ஜின் கதவு, கைப்பிடி, கோழி வைத்திருந்த தட்டு, காய்ப் பலகை எல்லாம் துடைத்தேன். இனி ஒன்றும் பாக்கியில்லை. எந்த இடத்திலும் கிருமி ஒளிந்துகொள்ள நான் விடவில்லை. இந்தத் தடவை விடமாட்டேன்.

இதோ, இவா சிணுங்குகிறாள். 'ண்ணி, ண்ணி' என்று தண்ணீர் கேட்கிறாள். கேட்கிறாளே, நல்ல அடையாளம்தானே அக்கா? கேட்டால் நல்லது என்றுதானே டாக்டரம்மா சொன்னார்கள்? உப்பைக் கரைத்து வைத்துவிட்டேன். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஆறினது. கிண்ணத்தையும் ஸ்பூனையும் வெந்நீரிலிருந்து இப்போதுதான் எடுத்தேன். ஆவி பறக்கிறது, சொட்டுச் சொட்டாக வடிகிறது.

ஈரத்தோடு எப்படிக் கொடுப்பது? காலையில் செருகின துணி இடுப்பிலேயே இருக்கிறது. துடைத்துக் கொடுக்கிறேன்.